எமது கடைகள் ஏன் மூடப்பட்டன? நான்கு பெருநாட்கள் சொல்லும் பாடம்

க.பொ.த. உயர்தர வகுப்புக்கு வணிகக் கல்வி படிப்பிக்கும் ஆசிரியன் நான். ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி முடித்து வந்த நாளிலிருந்து 'வணிகச் சூழல்' என்ற அலகை வருடாவருடம் படிப்பித்து வருகிறேன். கரும்பலகையின் நடுவில் ஒரு கட்டம் வரைந்து அதற்குள் வணிகம் என்று எழுதுவேன். அதைச் சுற்றி ஆறு கட்டங்கள் வரும்: அரசியல், பொருளாதாரம், சமூகம், தொழில்நுட்பம், இயற்கைச் சூழல், சட்டம். வியாபாரியால் இவற்றைக் கட்டுப்படுத்த முடியாது. ஆனால் இவை வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும். மாணவர்கள் இதைக் கொப்பியில் வரைந்துகொள்வார்கள், பரீட்சையில் ஒவ்வொரு காரணிக்கும் ஓர் உதாரணம் எழுதுவார்கள், புள்ளியும் கிடைக்கும். அத்தோடு பாடம் முடிந்துவிடும்.

கடந்த தவணையில் ஒரு மாணவர் எழுந்து கேட்டார்: "சேர், இந்த ஆறும் முதல்லயே தெரிஞ்சிருந்தா எங்கட வாப்பாட கடை தப்பியிருக்குமா?"

அவருடைய வாப்பா எனக்கு மச்சான். அம்பாறைக் கரையோரத்தில், எங்கள் ஊரின் பிரதான வீதியில் புடவைக் கடை வைத்திருந்தவர். 2022 இன் இறுதியில் கடையை மூடிவிட்டுக் கட்டார் போனார். அந்தக் கடை விடயத்தில் நானும் ஒரு பிழையான ஆலோசனை சொன்னவன். மாணவருக்கு அது தெரியாது. அன்றைக்கு வகுப்பில் என்னால் சரியான பதில் சொல்ல முடியவில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்குப் பதில் தேடும் முயற்சி. கேள்வி அந்தப் பிள்ளைக்கு மட்டும் உரியதல்ல. வியாபாரத்தைப் பெரிதும் நம்பி வாழும் எமது சமூகத்தின் கேள்வியும் அதுதான்.

நான்கு பெருநாட்கள்

புடவைக் கடைக்காரர்களிடம் கேட்டால் சொல்வார்கள், வருட வியாபாரத்தின் பெரும்பங்கு நோன்புப் பெருநாளுக்கு முந்திய சில வாரங்களில்தான் நடக்கிறது என்று. மற்ற மாதங்களில் வாடகை, சம்பளம், மின்கட்டணம் கட்டினாலே போதும். பெருநாள் சீசனில்தான் இலாபம். அந்த ஒரு சீசன் தவறினால் வருடமே தவறியது போலாகும். இதை மனதில் வைத்துக்கொண்டு கீழ்வரும் நான்கு வருடங்களைப் பாருங்கள்.

2019: ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு தாக்குதல். அதன் தொடர்ச்சியாக ஏப்ரல் 26 இல் சாய்ந்தமருது சம்பவம். நோன்பு தொடங்கி ஒரு வாரமாவதற்குள் குளியாப்பிட்டி, மினுவாங்கொடை போன்ற இடங்களில் எமது கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. ஊரடங்கு, சோதனைச் சாவடிகள், முஸ்லிம் கடைகளைப் புறக்கணிக்கும் பிரசாரம். அந்தப் பெருநாளுக்கு வியாபாரம் என்று சொல்லுமளவுக்கு எதுவும் இருக்கவில்லை.

2020: கொரோனா. மார்ச் 20 இல் தொடங்கிய ஊரடங்கின் நிழலிலேயே நோன்பு முழுவதும் கழிந்தது. பெருநாள் தினத்தன்றும் ஊரடங்கு.

2021: கொரோனாவின் மூன்றாவது அலை. பெருநாள் மே 14 இல் வந்தது. அதை ஒட்டியே மாகாணங்களுக்கிடையிலான பயணத் தடையும் ஏனைய கட்டுப்பாடுகளும் வந்தன.

2022: பொருளாதார நெருக்கடி. ஏப்ரல் 12 இல் வெளிநாட்டுக் கடனை இப்போதைக்குச் செலுத்த முடியாது என அரசாங்கம் அறிவித்தது. டீசலுக்கும் கேஸுக்கும் வரிசை, பல மணி நேர மின்வெட்டு. கடையில் வெளிச்சமில்லை, வாடிக்கையாளர் வந்து சேர எரிபொருள் இல்லை, வந்தவரின் கையில் காசும் இல்லை.

தொடர்ந்து நான்கு பெருநாட்கள் அடிவாங்கின. அவை எல்லாம் ஒரே திசையிலிருந்து வந்த அடிகளா? 2019 இன் அடி அரசியல், சமூகக் கட்டங்களிலிருந்து வந்தது. 2020 உம் 2021 உம் நோயால் வந்தவை. 2022 இன் அடி பொருளாதாரக் கட்டத்திலிருந்து வந்தது. எங்கள் ஊரில் அந்த வருடங்களில் மூடப்பட்ட கடைகளைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலானோர் இன்றைக்கும் "காலம் சரியில்லை" என்கிறார்கள். அல்லது "எங்களைத் திட்டமிட்டு அழித்தார்கள்" என்கிறார்கள். முதலாவது கூற்று எதையும் விளக்கவில்லை. இரண்டாவது கூற்று நான்கில் ஒரு வருடத்தைத்தான் விளக்குகிறது.

ஒரு திசையை மட்டும் பார்க்கும் கண்

எமது வியாபாரிகள் அரசியல் அபாயத்தை மட்டுமே பார்ப்பதற்கு நியாயமான காரணம் உண்டு. 2014 ஜூனில் அளுத்கமையும் பேருவளையும். 2017 நவம்பரில் ஜிந்தோட்டை. 2018 பெப்ரவரியில் எமது மாவட்டத்தின் அம்பாறை நகரம். அங்கே ஒரு முஸ்லிம் உணவகத்தின் சாப்பாட்டில் மலட்டு மருந்து கலக்கப்பட்டதாக வதந்தி பரப்பப்பட்டது. பின்னர் நடந்த பரிசோதனையில் அது வெறும் மாவு என்று தெரியவந்தது. ஆனால் அதற்குள் கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டுவிட்டன. அதே கிழமை திகனையும் தெல்தெனியவும் பற்றி எரியத் தொடங்கின. இவ்வளவையும் கண்ட சமூகம் எப்போதும் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பதில் பிழையில்லை. கடைக்குக் காப்புறுதி எடுக்கும்போது கலவரச் சேதமும் அதில் அடங்குகிறதா என்று கேட்கும் பழக்கம் எமக்கு வந்ததும் அந்த அனுபவத்தால்தான்.

ஆனால் அதற்கு ஒரு பக்க விளைவும் உண்டு. வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு மாற்றத்தையும் 'இது எங்களுக்கு எதிரானதா?' என்ற ஒரே கேள்வியால் அளக்கப் பழகிவிட்டோம். எங்களுக்கு எதிரானது என்று தெரிந்தால் வட்ஸ்அப்பில் நூறு பேருக்கு அனுப்புகிறோம். எங்களுக்கு எதிரானதல்ல, எல்லோருக்கும் பொதுவானது என்று தெரிந்தால் வாசிக்காமலே கடந்துபோகிறோம். மத்திய வங்கியின் வட்டி வீத அறிவித்தல், வர்த்தமானியில் வந்த இறக்குமதிக் கட்டுப்பாடு, வரி எல்லை மாற்றம் எதிலும் முஸ்லிம் என்ற சொல் இருக்காது. ஆகவே அவை எங்கள் கண்ணில் படுவதில்லை. 2022 இல் எமது ஊர்க் கடைகளை மூடியது அந்த வகைச் செய்திகள்தான்.

இரண்டு வருடமாக வந்துகொண்டிருந்த அறிவித்தல்

2022 நெருக்கடி திடீரென்று வந்தது என்றே பலரும் நினைக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்தேன். பின்னர் திகதி வாரியாக எழுதிப் பார்த்தபோதுதான் எனக்கே வெட்கமாக இருந்தது.

2019 டிசம்பரில் பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதத்துக்குக் குறைக்கப்பட்டது. வியாபாரிகள் நாம் மகிழ்ந்தோம். அரச வருமானம் விழுந்தால் பின்னால் என்ன வரும் என்று கேட்கவில்லை. 2020 மார்ச்சில் டொலரை மிச்சப்படுத்துவதற்காக வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2020 செப்டெம்பரில் மூடிஸ் நிறுவனமும் நவம்பரில் பிட்ச் நிறுவனமும் இலங்கையின் கடன் தரத்தைக் கீழிறக்கின. நாட்டின் வெளிநாட்டு ஒதுக்கம் 2019 இறுதியில் 7.6 பில்லியன் டொலர். 2020 இறுதியில் 5.7 பில்லியன். 2021 இறுதியில் 3.1 பில்லியன். இதை மத்திய வங்கியே மாதாமாதம் வெளியிட்டது, பத்திரிகைகளிலும் வந்தது. 2021 செப்டெம்பரில் 600க்கும் மேற்பட்ட வகை இறக்குமதிப் பொருட்களுக்கு முழுத்தொகையையும் முன்கூட்டியே வங்கியில் வைப்பிட வேண்டும் என்று உத்தரவு வந்தது. இறக்குமதிப் பொருள் விற்கும் ஒருவருக்கு இதைவிடத் தெளிவான எச்சரிக்கை தேவையில்லை.

இன்னொரு பக்கத்தில், 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அதற்கும் புடவைக் கடைக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். எங்கள் பக்கத்தில் தொடர்பு உண்டு. அம்பாறை மாவட்டம் நெல்லில் ஓடுவது. வயல்காரருக்குக் கடையில் கொப்பி இருக்கும். கடனுக்கு எடுத்து, அறுவடைக்குப் பிறகு கொடுப்பார்கள். உரமில்லாமல் செய்த அந்தப் பெரும்போகத்தில் விளைச்சல் விழுந்தது. 2022 பெப்ரவரி, மார்ச்சில் வரவேண்டிய அறுவடைக் காசு பாதியும் வரவில்லை. மச்சானின் கடன் கொப்பி நிறைந்தது, கல்லா நிறையவில்லை. விவசாயத்தைப் பற்றிய ஒரு வர்த்தமானி ஒன்பது மாதங்கள் கழித்துப் புடவைக் கடைக்குள் வந்து சேர்ந்தது.

நான் சொன்ன பிழையான ஆலோசனை

2021 கடைசியில் ஒரு நாள் மச்சான் வீட்டுக்கு வந்தார். "மச்சான், புறக்கோட்டை முதலாளி பெருநாள் சாமான இப்பவே எடுங்க எண்டு சொல்றாரு. விலை ஏறுமாம். கையில இருக்கிற காசப் போட்டு எடுக்கவா, இல்ல நோன்பு கிட்ட வரட்டுமா?" என்று கேட்டார். அவருக்கு நான் வணிகம் படிப்பிக்கும் ஆள். என் சொல்லுக்கு மதிப்பு வைத்திருந்தார்.

"டொலர் மாசக் கணக்கா 203 ரூபாயிலேயே நிக்கிது. அசையல்ல. முதலாளிமார் சாமான் தள்ள அப்படித்தான் சொல்லுவாங்க. அவசரப்படாதீங்க" என்றேன்.

டொலர் அசையாமல் நின்றது உண்மை. ஆனால் அது தானாக நிற்கவில்லை, பிடித்து நிறுத்தப்பட்டிருந்தது. வங்கியில் அந்த விலைக்கு டொலர் கிடைக்கவில்லை என்பதும் கறுப்புச் சந்தையில் அதைவிடக் கூடிய விலை போனது என்பதும் ஊரில் வெளிநாட்டுக் காசு எடுக்கும் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அசையாத விலை வேறு, பிடித்து வைக்கப்பட்ட விலை வேறு. வகுப்பில் இந்த வித்தியாசத்தைப் படிப்பிக்கும் நான், குடும்பத்தில் ஒருவர் கேட்டபோது அதை யோசிக்கவில்லை.

2022 மார்ச் 7 இல் அந்தப் பிடி விடப்பட்டது. மே மாதமாகும்போது டொலர் 360 ரூபாவைத் தொட்டிருந்தது. ஏப்ரல் 8 இல் மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம்.

கடையில் நடந்ததை ஓர் உதாரணக் கணக்கால் விளக்குகிறேன். 1,000 ரூபாவுக்கு எடுத்த சாரனை 1,250 ரூபாவுக்கு விற்கிறார் என்று வைப்போம். 250 ரூபா இலாபம். மீண்டும் அதே சாரனை எடுக்கப் போனால் மொத்த விலை 1,800. அதாவது அந்த ஒன்றை விற்றதில் அவருக்கு இலாபம் வரவில்லை, 550 ரூபா முதல் கரைந்திருக்கிறது. ஒவ்வொரு நாளும் இலாபம் என்று எழுதிக்கொண்டே முதலை இழந்துகொண்டிருந்தார். தெரிந்த முகங்களுக்கு விலையைக் கூட்டிச் சொல்ல மனம் வராமல் பழைய விலைக்கே கொடுத்தார். தட்டுகள் காலியாகின. திரும்ப நிரப்பக் காசு போதவில்லை. ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதம் உயர்ந்தது. வருட முடிவில் சாவியைக் கடை உரிமையாளரிடம் கொடுத்தார்.

அவர் கெட்ட வியாபாரி அல்ல. கணக்கில் நேர்மையானவர், கடன்காரரை வருத்தாதவர். கடைக்குள் அவர் செய்தவற்றில் பெரிய பிழை இல்லை. பிழை கடைக்கு வெளியே நடந்ததை வாசிப்பதில் இருந்தது. அதில் எனக்கும் பங்குண்டு.

எவ்வளவு நாள் அவகாசம் தருகிறது?

வணிகத்தின் வெளிச்சூழலை ஒழுங்காகக் கவனித்துப் படிக்க வேண்டும் என்ற எண்ணத்தை 1967 இல் பிரான்சிஸ் அகுய்லார் என்ற ஹார்வார்ட் ஆய்வாளர் ஒரு நூலாக எழுதினார். அவர் நான்கு காரணிகளில் தொடங்கினார். பின்னால் வந்தவர்கள் ஆறாக்கினார்கள். ஆனால் ஆறு கட்டங்களையும் உதாரணங்களால் நிரப்புவது மட்டும் போதாது என்பதே என் அனுபவம். ஒவ்வொரு காரணியிடமும் இன்னொரு கேள்வி கேட்க வேண்டும்: இது வருவதற்கு முன் எவ்வளவு அவகாசம் தருகிறது?

அப்படிக் கேட்டால் காரணிகள் மூன்று வகையாகப் பிரிகின்றன.

முதலாவது, மணித்தியாலங்கள் அல்லது நாட்கள் மட்டும் தருபவை. கலவரம், குண்டுவெடிப்பு, புயல். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலில் மலையகத்திலும் தாழ்நிலங்களிலும் எத்தனை கடைகள் போயின என்பதை நாம் கண்டோம். இவற்றை முன்கூட்டி அறிவது கடினம். காப்புறுதி, கையிருப்பை ஓரிடத்தில் குவிக்காமை, கணக்குகளின் பிரதியை வேறிடத்தில் வைத்தல் போன்ற பாதுகாப்புகளைத்தான் செய்யலாம்.

இரண்டாவது, மாதங்கள் தருபவை. நாணயப் பெறுமதி, வட்டி, பணவீக்கம், மின்கட்டணம், அறுவடை. இவை வருமுன் இலக்கங்களாகத் தெரியும். கொள்வனவை முந்தியோ பிந்தியோ செய்யலாம், கடன் கொடுப்பதைக் குறைக்கலாம், விலையைத் திருத்தலாம்.

மூன்றாவது, வருடங்கள் தருபவை. வரிச் சட்டம், தொழில்நுட்பம், மக்களின் வாங்கும் பழக்கம், ஏன், பெருநாள் திகதி கூட. இவற்றுக்கு வியாபாரத்தின் அமைப்பையே மாற்றிக்கொள்ள நேரம் இருக்கிறது.

எமது சமூகத்தின் கவனம் பெரும்பாலும் முதலாம் வகையில் குவிந்திருக்கிறது. அங்கேதான் முன்னெச்சரிக்கை மிகக் குறைவு. அவகாசம் தரும் இரண்டாம், மூன்றாம் வகைகளை நாம் பார்ப்பதே இல்லை. மச்சானின் கடை வீழ்ந்தது அந்த இடத்தில்தான்.

இப்போது வந்துகொண்டிருப்பவை

பழைய கதையை மட்டும் பேசிக்கொண்டிருந்தால் இதனால் பயனில்லை. இன்று ஆறு கட்டங்களிலும் என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

சட்டம்: பெறுமதி சேர் வரி 2022 ஜூனில் 12 வீதமாகவும், செப்டெம்பரில் 15 வீதமாகவும், 2024 ஜனவரியில் 18 வீதமாகவும் உயர்ந்தது. வீதத்தைவிட நாம் கவனிக்க வேண்டியது பதிவு எல்லையை. 2024 ஜனவரியில் அது வருடத்துக்கு 6 கோடி ரூபா விற்பனை என்று குறைக்கப்பட்டது. 2026 வரவுசெலவுத் திட்டத்தில் அதை 3 கோடி 60 இலட்சமாக இன்னும் குறைக்க முன்மொழியப்பட்டது. 365 நாளால் பிரித்துப் பாருங்கள். நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 இலட்சம் ரூபா விற்பனை. இன்றைய விலையில் ஒரு நடுத்தரப் பலசரக்குக் கடை அந்த எல்லையைத் தொட்டுவிடும். எல்லாப் பொருளுக்கும் ஒரே விதி இல்லை, சில பொருட்கள் விலக்கப்பட்டவை. அதனால்தான் தன் கடை எந்தப் பக்கம் நிற்கிறது என்பதை ஒவ்வொருவரும் ஒரு கணக்காளரிடம் இப்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். பற்றுச்சீட்டு எழுதும் பழக்கமே இல்லாத கடைகள் எம்மிடையே நிறைய. அவர்களுக்கு இது வரிப் பிரச்சினையாக வருமுன் கணக்குப் பிரச்சினையாக வரும்.

தொழில்நுட்பம்: கொழும்பிலுள்ள ஒருவர் பேஸ்புக் நேரலையில் அபாயா காட்டுகிறார். எங்கள் ஊர்ப் பெண் வீட்டிலிருந்தே சொல்லி எடுக்கிறார். கொரியர்காரர் வாசலில் கொடுத்துக் காசு வாங்கிப் போகிறார். பிரதான வீதிக் கடைக்கு இருந்த பெரிய பலம் அதன் இடம். அந்த இடத்துக்குத்தான் அதிக வாடகை கொடுக்கிறோம். அந்தப் பலம் வருடத்துக்கு வருடம் தேய்ந்துகொண்டிருக்கிறது. இதைக் கடையின் எதிரியாகப் பார்ப்பதா, கடையின் இரண்டாவது வாசலாக ஆக்குவதா என்பது அவரவர் முடிவு. ஆனால் முடிவெடுக்காமல் இருக்க முடியாது.

சமூகமும் நாட்காட்டியும்: நோன்புப் பெருநாள் வருடத்துக்கு ஏறத்தாழ 11 நாட்கள் முந்தி வருகிறது. இது எல்லோருக்கும் தெரிந்த விடயம். ஆனால் இதை வியாபாரக் காரணியாக யாரும் எழுதி நான் கண்டதில்லை. 2025 இல் பெருநாள் மார்ச் இறுதியில் வந்தது. 2026 இல் மார்ச் மூன்றாம் வாரமளவில். எங்கள் மாவட்டத்தில் பெரும்போக அறுவடைக் காசு கைக்கு வரும் காலம் அதுதான். ஆகவே இந்த வருடங்கள் சாதகமானவை. 2030 இல் பெருநாள் பெப்ரவரி முதல் வாரத்துக்குப் போய்விடும். அறுவடை அப்போது முடிந்திராது. கடனுக்கு எடுப்போர் கூடுவார்கள். அதே 2030 டிசம்பர் கடைசியில் இரண்டாவது ரமழானும் தொடங்கிவிடும். அப்போது மாரி மழையும் சேர்ந்திருக்கும். இதற்கு எந்த ஆய்வும் தேவையில்லை, ஒரு நாட்காட்டி போதும். நல்ல வருடங்களில் முதலைச் சேர்த்து வைக்க வேண்டிய காலம் இதுவே. நபி யூசுப் அலைஹிஸ்ஸலாம் அவர்களின் வரலாற்றை ஜும்ஆக்களில் கேட்கும் எமக்கு, செழிப்பான வருடங்களில் பஞ்ச வருடங்களுக்காகச் சேமிப்பது புதிய விடயமல்ல.

இயற்கைச் சூழல்: கிழக்கில் வெள்ளம் நவம்பரிலிருந்து ஜனவரி வரைதான் பெரும்பாலும் வருகிறது. 2024 நவம்பரில் மாவடிப்பள்ளியில் மத்ரஸா மாணவர்களைப் பறிகொடுத்த அந்த வெள்ளத்தை நாம் மறக்க முடியாது. எந்த நாளில் வரும் என்று தெரியாவிட்டாலும் எந்த மாதங்களில் வரும் என்று தெரியும். அந்த மாதங்களில் கையிருப்பைத் தரையில் அடுக்காமலிருப்பதற்குப் பெரிய செலவில்லை.

அரசியலும் பொருளாதாரமும்: சர்வதேச நாணய நிதியத்தோடு 2023 மார்ச்சில் தொடங்கிய வேலைத்திட்டம் வரி, மின்கட்டணம், எரிபொருள் விலை எல்லாவற்றையும் தொடுகிறது. மின்கட்டணம் 2025 ஜனவரியில் 20 வீதம் குறைந்து, ஜூனில் 15 வீதம் கூடியது. வெளிநாட்டு அரசியலும் ஊருக்குள் வருகிறது. 2025 ஏப்ரலில் அமெரிக்கா எமது ஏற்றுமதிகளுக்கு 44 வீதத் தீர்வை என்று அறிவித்தது. பின்னர் அது 20 வீதமாகக் குறைந்தது. ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் பெண்ணின் மேலதிக நேரச் சம்பளம் குறைந்தால் அது ஊரிலுள்ள கடைகளில்தான் முதலில் தெரியும்.

என்ன செய்யலாம்?

பெரிய திட்டம் எதையும் நான் முன்வைக்கவில்லை. கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டலாம். ஆறு வரிகள், மூன்று பத்திகள். முதலாவது பத்தியில் 'என்ன மாறுகிறது?', இரண்டாவதில் 'எப்போது என் கடைக்கு வரும்?', மூன்றாவதில் 'அதற்குள் நான் என்ன செய்வேன்?'. மாதத்தில் ஒருமுறை அரை மணித்தியாலம் உட்கார்ந்து எழுதினால் போதும்.

எழுதுவதற்கான தகவல் இரகசியமானதல்ல. மத்திய வங்கி தனது நாணயக் கொள்கை மீளாய்வுத் திகதிகளை வருடத் தொடக்கத்திலேயே வெளியிடுகிறது. எரிபொருள் விலை மாத முடிவில் திருத்தப்படுகிறது. மின்கட்டணத்தை மாற்றுமுன் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு மக்களிடம் கருத்துக் கேட்கிறது. வரவுசெலவுத் திட்டம் வழக்கமாக நவம்பரில் வாசிக்கப்படுகிறது. வர்த்தமானி தமிழிலும் வருகிறது.

ஒவ்வொரு கடைக்காரரும் தனியாக இதைச் செய்வது கஷ்டம் என்பது எனக்குத் தெரியும். காலை எட்டு மணிக்குக் கடை திறந்து இரவு ஒன்பதுக்கு மூடுபவரிடம் வர்த்தமானி வாசிக்கச் சொல்வது நியாயமில்லை. அதை ஊர் வர்த்தக சங்கங்கள் செய்யலாம். மாதத்தில் ஒரு நாள் இஷாவுக்குப் பின் ஒரு கணக்காளர், ஒரு வங்கியாளர், ஒரு விவசாய உத்தியோகத்தர் ஆகியோரை அழைத்து வியாபாரிகளோடு பேசவைக்கலாம். எமது சங்கங்கள் பெரும்பாலும் கடை எரிந்த பிறகு அல்லது வரி அதிகாரி வந்த பிறகுதான் கூடுகின்றன. அதற்கு முன்னரும் கூட வேண்டும்.

பாடசாலைகளுக்கும் பங்குண்டு. இந்தத் தவணையில் நான் என் வகுப்பில் ஒரு மாற்றம் செய்திருக்கிறேன். உதாரணத்தைப் புத்தகத்திலிருந்து எழுத வேண்டாம் என்று மாணவர்களிடம் சொன்னேன். ஒவ்வொருவரும் ஊரில் ஒரு கடையைத் தெரிவுசெய்து, அந்த முதலாளியோடு உட்கார்ந்து ஆறு கட்டங்களையும் நிரப்பி வர வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அந்த மாற்றத்துக்கான முதல் அறிவித்தல் எங்கே, எப்போது வந்தது என்றும் எழுத வேண்டும். ஒரு மாணவி பேக்கரி முதலாளியிடம் போய்வந்து, அவருக்கு வரி எல்லை மாற்றம் பற்றித் தெரிந்திருக்கவில்லை, தானே சொன்னதாகச் சொன்னார். அந்தப் பாடத்துக்கு அதைவிட நல்ல புள்ளி எதுவும் போட முடியாது.

அந்த மாணவருக்கு நான் இப்போது சொல்லும் பதில் இதுதான். ஆறும் தெரிந்திருந்தால் வாப்பாவின் கடை தப்பியிருக்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. 2019 ஐயோ 2020 ஐயோ யாராலும் தடுத்திருக்க முடியாது. ஆனால் 2021 இன் கடைசியில் சாமானை எடுத்திருக்கலாம், கொப்பிக் கடனை மட்டுப்படுத்தியிருக்கலாம், 2022 மார்ச்சிலேயே விலையைத் திருத்தியிருக்கலாம். கடை சிறிதாகியிருக்கும், ஆனால் நின்றிருக்கும் என்று நினைக்கிறேன். அந்த நேரத்தில் அதைச் சொல்ல வேண்டிய இடத்தில் நான் இருந்தேன், சொல்லவில்லை. இதையும் அவரிடம் சொல்லிவிட்டேன்.

போன கிழமை மச்சான் கட்டாரிலிருந்து பேசினார். ஊரில் ஒரு சின்னக் கடை வாடகைக்கு வருகிறதாம், திரும்பி வந்து எடுக்கலாமா என்று கேட்டார். இந்த முறை நான் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அந்த ஆறு வரித் தாளைப் படமெடுத்து அனுப்பி, நிரப்பி அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம் என்றேன். நான்கு வரிகளை நிரப்பி அனுப்பியிருக்கிறார். மீதி இரண்டையும் அவருடைய மகன் நிரப்பிக்கொண்டிருக்கிறார்.